எலியின் தடம் முடிந்த இடம்

மைசூரு விஜயநகரில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போகிற தெருவில், காலை ஆறரை மணிக்கே ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கும் வீடு ஒன்று உண்டு. வீட்டின் முன்பாதி மெஸ். பின்பாதியில் ஜோதிமணியும் அவள் புருஷன் காளியப்பனும் குடியிருக்கிறார்கள். பலகையில் கன்னடத்தில் ‘ஹனூர் மெஸ்’ என்று எழுதியிருக்கும். ஊர்க்காரர்களுக்காகத் தட்டு இட்லி, தன் மனத்திருப்திக்காகக் குழிப்பணியாரம், புதன்கிழமை இரவு மட்டும் அரிசிம்பருப்புச் சாதம் என்று ஜோதிமணி ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

ஹனூருக்குப் பக்கத்தில் மக்காச்சோளம் போடுகிற தமிழ்க் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள், வந்த வருஷமே வீட்டு ஜன்னல் வழியாக இட்லி விற்க ஆரம்பித்துவிட்டாள். செய்யலாமா என்று யாரையும் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. செய்து முடித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்பாள். மகன் தருண்குமார் படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனான். அதன் பிறகு, காலை வியாபாரம் முடிந்து மாலை வியாபாரம் தொடங்கும் வரைக்கும் உள்ள பொழுது அவளுக்கே அவளுக்கென்று கிடைத்தது. காளியப்பனுக்கு அது தூங்குகிற நேரம். மதியத் தூக்கத்தை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

கேமரா வந்தது பறவைக்காக அல்ல, பணியாரத்துக்காக. வீட்டுக்கே உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற ஆப்பில் மெஸ்ஸைச் சேர்த்தபோது பலகாரங்களின் படம் கேட்டார்கள். கொள்ளேகாலில் கல்யாணப் போட்டோ எடுக்கிற சுரேந்தர் அவளுக்குத் தம்பி முறை. புதுசு வாங்கியிருந்ததால் பழைய கேமராவை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான். முதலில் எடுத்த படங்களில் பணியாரம் களிமண் உருண்டை மாதிரி இருந்தது. தலைக்கு மேலே எரிந்த டியூப்லைட்தான் காரணம் என்று இரண்டு மூன்று நாளில் கண்டுகொண்டாள். லைட்டை அணைத்தாள். பணியாரத்தை ஜன்னல் பக்கம் வைத்து, எதிர்ப்பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டை நிறுத்தி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ வைத்தாள். பணியாரத்தின் மொறுமொறுப்பு ஒவ்வொரு பொரியாகத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பசியோடு வந்தவர்கள் உண்டு.

மெஸ்ஸுக்கு ஒன்பதரை மணி வாக்கில் ஒரு கூட்டம் வரும். இலைப்பச்சைச் சட்டை, சேறு பட்ட ஷூ, தோளில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். விடியற்காலையில் ஏரிகளுக்குப் போய்ப் பறவைகளைப் படமெடுத்துத் திரும்புகிறவர்கள். அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற இராமச்சந்திரன் அதற்குத் தலைவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரசாந்த் அவர்களில் கெட்டிக்காரன். இட்லி வரும் வரைக்கும் கேமராவின் பின்பக்கத் திரையில் மீன்கொத்தியையும் பஞ்சுருட்டானையும் மாறி மாறிக் காட்டிக்கொள்வார்கள். சட்னி ஊற்ற வரும் ஜோதிமணியும் எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள், தானும் போய் எடுப்பது என்று தீர்மானித்தாள்.

ஆனால் அவள் போகிற நேரம் அடுப்பை அணைத்துப் பாத்திரம் ஒதுக்கிய பிறகுதான். இலவாலா போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு கிராமத்துக் கெரெ, அதாவது ஏரி, இருக்கிறது. அங்கே அவள் ஸ்கூட்டியை நிறுத்தியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. பறவைகள் நிழலுக்குள் போய் அடங்கிவிட்டன. தூரத்தில் ஒரு கொக்கு நின்றது. சின்ன லென்ஸில் அது சாதத்துப் பருக்கை அளவுக்குத்தான் விழுந்தது.

திரும்பலாம் என்று காலை எடுத்தவள், கரைச் சேற்றைப் பார்த்து அப்படியே நின்றாள். சேறு முழுக்கக் கால் தடங்கள். மூன்று விரல் முன்னால், ஒன்று பின்னால், நிதானமாக நடந்து போன கொக்கு. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குடுகுடுவென்று ஓடிய ஏதோ ஒரு சின்னது. ஓரிடத்தில் கொக்கு நின்றிருக்கிறது. அங்கே தடம் ஆழமாக இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிச் சேற்றில் அலகு குத்திய துளை. பக்கத்தில் ஒரு நண்டுக்கால். காலையில் இங்கே நடந்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. அதைப் படமெடுக்க நீள லென்ஸ் வேண்டியதில்லை. குனிந்தால் போதும். ஜோதிமணி குனிந்தாள்.

அன்றைக்குப் பிடித்த பித்து அவளை விடவேயில்லை. நத்தைகுத்தி நாரை தின்றுவிட்டுப் போன ஓடுகளின் குவியலை எடுத்தாள். கரைச்சரிவில் மீன்கொத்தி குடைந்த பொந்தையும் அதன் வாசலில் சிதறிய மீன் முள்ளையும் எடுத்தாள். காற்றில் அறுந்து விழுந்த தூக்கணாங்குருவிக் கூட்டை, உள்ளே ஒட்டியிருந்த களிமண் பொட்டு தெரிகிற மாதிரி எடுத்தாள். வேலிக்கடியில் விழுந்த எச்சத்திலிருந்து முளைவிட்டிருந்த சந்தனக் கன்றுக்காகச் வெறுந்தரையில் வயிற்றைக் கொடுத்துப் படுத்தாள். சேலை கட்டிக்கொண்டு போனால் இதெல்லாம் ஆகாது என்று காளியப்பனின் பழைய பேன்ட்டைச் சுருக்கித் தைத்துக்கொண்டாள்.

காளியப்பன் படங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“ஏம்புள்ள, ஊரே பறவைய எடுக்குது. நீ அது பேண்டத எடுத்துட்டு வர்றயே.”

“பறவைய எல்லாரும் எடுக்கறாங்க மாமா. இத ஆரும் எடுக்கறதில்ல. அதனாலதான் எடுக்கறன்.”

இராமச்சந்திரனிடம் கொஞ்சம் படங்களைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். “படம் ரொம்ப சென்னாகிதம்மா. சும்மா சொல்லலை, நிஜவாகியும் நன்னா இருக்கு. ஆனா வருஷா வருஷம் நாங்க வெக்கற எக்ஸிபிஷனுக்கு ஒரு ரூல் இருக்கு. படத்துல பறவை தெளிவா தெரியணும்.”

“அப்படீங்களா,” என்றாள் ஜோதிமணி. வருத்தமெல்லாம் இல்லை. ரூல்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

கெரெக்கு அப்பால் ஒரு பழைய கல்லுக்குழி இருந்தது. கல் உடைத்து, ஜல்லியாக்கி, லாபம் தீர்ந்ததும் யாரோ கைவிட்டுப் போன குவாரி. உயரமான பாறைச் சுவர். அடியில் கிரஷரிலிருந்து கொட்டிய கல் தூள் சலித்த மாவு மாதிரிப் பரந்து கிடக்கும். ஆடு மேய்க்கிற தேவம்மாதான் அந்த வழியைக் காட்டினாள். அறுபது வயதிருக்கும். கட்டட வேலையில் தமிழ் ஆட்களோடு ரொம்ப வருஷம் இருந்ததால், கன்னடம் கலந்த ஒரு தமிழ் பேசுவாள்.

“அங்க பாரு அக்கா,” என்று பாறை இடுக்கைக் காட்டினாள். இடுக்குக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். “தொட்ட கூபெ. பெரிய ஆந்தே. சாயங்காலம் நான் ஆடு ஓட்டிட்டு போறப்ப கூப்புடும். எதே, நெஞ்சே நடுங்கும்.”

பாறைக்கடியில் கட்டை விரலைவிடப் பெரிய சாம்பல் உருண்டைகள் கிடந்தன. ஆந்தை இரையை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் இப்படி உருட்டிக் கக்கிவிடும் என்று ஜோதிமணிக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஒன்றைக் குச்சியால் பிரித்தாள். உள்ளே எலியின் மண்டையோடு, பற்கள் உதிராமல், கொண்டைக்கடலை அளவில். இரண்டு கொம்பு வைத்த மாதிரி காதுச் சிறகு உள்ள கொம்பன் ஆந்தை அது என்பதை, அங்கே கிடந்த இறகைப் பிரசாந்தின் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டாள்.

பாறை மேல் ஏறி எட்டிப் பார்க்க அவள் முயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் கெரெக்கரைப் புதரில் ஒரு சின்னப் பறவை கூடு கட்டியிருந்தது. யாரோ படமெடுக்க வந்தவர்கள், கூடு நன்றாகத் தெரியட்டும் என்று சுற்றியிருந்த இலைகளைக் கத்தரித்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் ஜோதிமணி போனபோது கூட்டுக்கடியில் உடைந்த முட்டை ஓடும் ஒரு காக்கை இறகும் கிடந்தன. அந்தப் படம் அவளிடம் இருக்கிறது. அதை அவள் யாருக்கும் காட்டியதில்லை.

சங்கராந்தி முடிந்த வாரம். அன்று காலையில் நல்ல பனி. மெஸ்ஸில் வேலை முடித்துவிட்டு ஜோதிமணி கல்லுக்குழிக்கு வந்தாள். கல் தூள் மேல் இரவுப் பனி இறங்கிப் பதமாக இருந்தது. அதன் மேல் ஒரு எலி நடந்து போயிருக்கிறது. புள்ளி வைத்தது போலக் கால்கள், நடுவே நூலிழுத்தது போல வால். அந்தத் தடத்தைத் தொடர்ந்து மெல்ல நடந்தாள். வளைந்தது, ஒரு கல்லைச் சுற்றியது, நேராகப் போனது.

அப்புறம் இல்லை.

எலியின் தடம் முடிந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்தில் நகக் கீறல்கள். பள்ளத்தின் இரண்டு பக்கமும், ஆள் ஒருவர் கையை விரித்த அகலத்துக்கு, விசிறி விசிறியாகச் சிறகின் அச்சு. ஒவ்வொரு இறகும் தனித்தனிக் கோடாகத் தூளில் பதிந்திருந்தது. ஆந்தை மேலிருந்து சத்தமில்லாமல் இறங்கி, எலியைப் பற்றி, தரையில் சிறகை ஊன்றி எழும்பிப் போயிருக்கிறது. ஜோதிமணி தன் காலடி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

படமெடுத்தாள். திரையில் பார்த்தாள். வெறும் சாம்பல் தரை தெரிந்தது. வெயில் மேலிருந்து விழுந்தது. மேடும் பள்ளமும் ஒன்றாகிவிட்டன. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் அதே கதைதான். வெயில் சாயும் வரைக்கும் காத்திருக்கலாம் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பனி காயக் காயத் தூள் இளகியது. பாறைக்கு மேலிருந்து காற்று இறங்க ஆரம்பித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது சிறகின் நுனியில் ஒரு கோடு உதிர்ந்து மறைந்தது.

சாயங்காலம் வரைக்கும் இது இருக்காது என்று தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்தாள். பணியாரம் ஞாபகம் வந்தது. மேலே எரிகிற விளக்கை அணைக்க வேண்டும். வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து கொண்டுவர வேண்டும். போனை எடுத்தாள்.

வெகு நேரம் மணி அடித்த பிறகுதான் காளியப்பன் எடுத்தார். “என்னது? கீழ கீழ வுழுந்துட்டயா?”

“நல்லாத்தான் இருக்கறன். மாமா, நம்ம மெஸ் வாசல்ல விரிக்கற பெரிய குடை இருக்குதில்ல, அதைக் கழட்டுங்க. பலகாரம் அடுக்கற தாம்பாளம் ரெண்டு எடுத்துக்குங்க. கல்லுக்குழிக்கு வாங்க.”

“இப்பவா?”

“இப்பவே.”

“நான் தூங்கிட்டு இருக்கறன் ஜோதி.”

“எந்திரிச்சு பேசிட்டுத்தான இருக்கறீங்க. வாங்க மாமா. இத வுட்டா இந்த சென்மத்துல கெடைக்காது.”

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. அவர் வருவார் என்கிற நிச்சயம்தான் இருந்தது. அந்தக் குரலுக்கு இருபத்தைந்து வருஷமாக அவர் மறுப்புச் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்த சில தடவைகளிலும் பலனில்லை.

அவர் வருவதற்குள் ஆடுகள் வந்துவிட்டன. தேவம்மாவின் கிடாய் ஒன்று எலித்தடத்தை நோக்கி நேராக இறங்கியது. ஜோதிமணி கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். “தேவம்மா! ஆட்டத் திருப்பு! இங்க வரக்கூடாது!”

தேவம்மா கோலை வீசிக் கிடாயைத் திருப்பினாள். மற்றவற்றைக் குழிக்கு வெளியே விரட்டிவிட்டு மூச்சு வாங்க வந்தாள். “ஏனாயித்து? பாம்பா?”

ஜோதிமணி கையைக் காட்டினாள். தேவம்மா குனிந்து பார்த்தாள். எலித்தடத்தில் ஆரம்பித்துப் பள்ளம் வரைக்கும் அவள் கண் ஊர்ந்தது. அப்புறம் இரண்டு பக்கத்துச் சிறகும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அய்யய்யோ... இங்கயா புடிச்சுது?”

காளியப்பன் ஸ்கூட்டரில் வந்த காட்சியை இலவாலா ரோட்டில் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுருட்டிய பெரிய குடை தோளில் துப்பாக்கி மாதிரி. கால்களுக்கு நடுவில் தாம்பாளங்கள் டமார் டமார் என்று மோதிக்கொண்டு. வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“எங்க அந்தப் பறவ?”

“போயிருச்சுங்க.”

“போயிருச்சா! அப்பறம் எதுக்கு என்னையக் கூப்ட்ட?”

“அது வந்ததுக்குத்தான். அங்கயே நில்லுங்க, கால முன்னால வெக்காதீங்க.”

குடையை விரித்துத் தேவம்மாவிடம் கொடுத்தாள். தேவம்மா எந்தப் பக்கம் சாய்த்தால் நிழல் முழுசாக விழும் என்று தானாகவே புரிந்துகொண்டு நின்றாள். தடத்தின் மேல் நிழல் இறங்கியது. ஜோதிமணி ஒரு தாம்பாளத்தைக் கற்களுக்கிடையில் நிமிர்த்தி நிறுத்தினாள். இன்னொன்றைக் காளியப்பனிடம் கொடுத்து, குடைக்கு வெளியே வெயிலில் உட்காரவைத்தாள்.

“தாம்பாளத்த ஸ்வல்ப சாய்ங்க. இன்னுங் கொஞ்சம். தரையோட ஒட்டி வெளிச்சம் போகணும். மேல காட்டாதீங்க.”

“கண்ணக் கூசுது ஜோதி.”

“கண்ண மூடிக்குங்க. கைய மட்டும் ஆட்டாதீங்க.”

வெளிச்சம் தரையைத் தடவிக்கொண்டு ஓடியது. ஜோதிமணி ஒரு நொடி கேமராவை மறந்தாள். சாம்பல் தரையிலிருந்து சிறகு எழுந்து வந்தது. ஒவ்வொரு இறகுக் கோட்டுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். எலியின் வால் இழுத்த கோடு கூட வெள்ளி இழை மாதிரி மின்னியது. பதறாமல் எடுத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, நின்று, உட்கார்ந்து, தலைக்கு மேல் கேமராவைத் தூக்கி. காற்று பலமாக வீசிக் குடையைத் திருப்பியபோது தேவம்மா தன் முழுக் கனத்தையும் கம்பில் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லாத ஹக்கிக்குக் குடை புடிக்கறோம்,” என்றாள். ஹக்கி என்றால் பறவை. அவள் சிரித்த சிரிப்பில் காளியப்பனும் சிரித்துவிட, வெளிச்சம் ஆடியது. “மாமா!” என்று ஒரு அதட்டல். வெளிச்சம் நின்றது.

எல்லாம் முடிந்து திரையில் காட்டியபோது காளியப்பன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். அதற்குள் வலது சிறகில் பாதி காற்றோடு போயிருந்தது.

“இத நான் பாத்துட்டுத்தான இருந்தன். படத்துலதான் தெரியுது,” என்றார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் தூக்கம் கெட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தவர்களிடமெல்லாம் தாம்பாளம் பிடித்ததைப் பற்றித்தான் சொன்னார்.

ஜோதிமணி அந்தப் படத்தைக் கலர் லேபில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு இராமச்சந்திரன், பிரசாந்த், இன்னும் சிலர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜையைத் துடைத்து, ஈரம் போக மறுபடி துடைத்து, படத்தை விரித்தாள்.

“எக்ஸிபிஷனுக்குக் கொடுக்கறனுங்க.”

பிரசாந்தின் விரல் எலித்தடத்தின் மேலே, காகிதத்தைத் தொடாமல், மெல்லப் போய்ப் பள்ளத்தில் நின்றது.

“ரூல்...” என்று ஆரம்பித்தார் இராமச்சந்திரன்.

“ரூல் நல்லாத் தெரியுமுங்க. பறவை தெளிவாத் தெரியணும். இதுல அது எங்க இருந்து வந்துச்சு, எப்படி இறங்குச்சு, எதப் புடிச்சுது, எப்படிப் போச்சு, எல்லாந் தெரியுது. உங்க படத்துல கெளையில உக்காந்திருக்கற பறவை அன்னைக்கு என்ன பண்ணுச்சுன்னு தெரியுதுங்களா?”

இராமச்சந்திரன் படத்தை மறுபடி பார்த்தார். “கமிட்டியில கேக்கறேம்மா,” என்றார்.

கமிட்டியில் காரசாரமாக நடந்தது என்று பின்னால் தெரிந்தது. ஒரு படத்துக்காக ரூலை மாற்றினால் நாளைக்கு வெறும் மரத்தை எடுத்துக்கொண்டு வந்து பறவை இப்போதுதான் பறந்தது என்பார்கள் என்று ஒருவர் சொன்னாராம். பிரசாந்த்தான் எழுந்து, ஆந்தையை ஆறு வருஷமாக எடுத்துவருகிற தனக்கு அது வேட்டையாடுவதை இந்தப் படத்தில்தான் முதல் தடவையாகப் பார்க்க முடிந்தது என்றானாம். கடைசியில் இராமச்சந்திரன் தலைவர் என்கிற முறையில் ரூலில் ஒரு வரியைச் சேர்த்தார்: பறவையோ, அதன் தடமோ.

கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். எலித்தடத்தின் ஆரம்பத்தில் கண்ணை வைத்து, கூடவே நடந்து, முடிகிற இடத்தில் ‘ஆ’ என்றார்கள். காளியப்பன் வெள்ளை வேட்டியில் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, வெளிச்சம் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். தேவம்மாவை ஜோதிமணி தன் ஸ்கூட்டியிலேயே கூட்டி வந்திருந்தாள். படத்துக்கு அடியில் எடுத்தவர் பெயரோடு, குடை பிடித்தவர் தேவம்மா, தாம்பாளம் பிடித்தவர் காளியப்பன் என்றும் எழுத வைத்திருந்தாள்.

கண்காட்சி முடிந்த மறுநாள் பிரசாந்த் தனியாக வந்தான். கடைசிப் பந்தி முடிகிற வரைக்கும் காத்திருந்தான்.

“அக்கா, அந்த இடம் எங்கன்னு சொல்லுங்க. இப்ப குஞ்சு பொரிச்சிருக்கற டைம். தூரத்துல இருந்துதான் எடுப்பேன். ப்ராமிஸ்.”

ஜோதிமணிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தனக்காகச் சபையில் பேசினவன். ஆனால் பதிலில் அவளுக்குக் குழப்பமில்லை.

“சொல்ல மாட்டனுங்க தம்பி.”

“எனக்குக் கூடவா?”

அவள் உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்தாள். அதுவரை யாருக்கும் காட்டாத படத்தைத் திரையில் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். கத்தரித்த கிளைகள். உடைந்த முட்டை ஓடு. காக்கை இறகு. அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“நான் இந்த மாதிரி பண்ண மாட்டேன்க்கா.”

“நீங்க பண்ண மாட்டீங்கன்னு தெரியும். நீங்க எடுத்த படத்தப் பாத்துட்டு நாலு பேரு எங்கன்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தருக்குச் சொல்லுவீங்க. அவரும் நல்லவரா இருப்பாரு. அவரு ஒருத்தருக்குச் சொல்லுவாரு. இங்க எனக்கும் தேவம்மாவுக்கும் மாமாவுக்கும் தெரியும். அது போதும்.”

“நான் கமிட்டியில...”

“பேசுனீங்க. மறக்க மாட்டன். அதுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க, இதக் கேக்காதீங்க.”

பிரசாந்த் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவனை மெஸ் பக்கம் காணவில்லை. அவனோடு வருகிறவர்களும் குறைந்தார்கள். காளியப்பன் கொஞ்ச நாள் புலம்பினார். “நல்ல பையன். சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல. ஒரு ஆந்தைக்காகவா?” ஜோதிமணி மாவைக் கரைத்துக்கொண்டே, “அவரு வருவாரு,” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் விரல் படத்தைத் தொடாமல் போன விதத்தைப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான்.

அவன் மார்ச் கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை வந்தான். எதுவும் நடக்காதது போல மூலை மேஜையில் உட்கார்ந்து, “அரிசிம்பருப்பு இருக்காக்கா?” என்றான். ஜோதிமணி நெய்யைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டாள். இரண்டு பேரும் பழையதைப் பேசவில்லை.

அவன் பாதி சாப்பிட்டிருப்பான். வெளியே பொழுது சாய்ந்து தெரு விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம். ஜோதிமணியின் போன் அடித்தது. தேவம்மா. கையெல்லாம் பணியார மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டுப் பலகையில் வைத்தாள்.

“அக்கா,” தேவம்மாவின் குரல் ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது. “கல்லுக்குழி மேல நிக்கறன். மரி, குஞ்சு ரெண்டும் வெளிய வந்துருச்சு. பாறை மேல உக்காந்திருக்கு. பஞ்சு மூட்டை மாதிரி. அம்மா எதிர்ப் பாறைல இருந்து கூப்புடுது. பேசாத, கேளு.”

போனை அந்தப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். காற்றின் இரைச்சல். ஒரு ஆட்டின் கழுத்து மணி. அப்புறம், ஆழமான ஒரு பானைக்குள்ளிருந்து வருவது போல, அடி வயிற்றிலிருந்து ஒரு குரல்.

பூ... ஹூ.

மெஸ்ஸில் யாரோ தம்ளரை மேஜையில் வைத்தார்கள். அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை. ஜோதிமணி பணியாரக் குச்சியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். இத்தனை மாதமாகத் தூளிலும் பாறையிலும் எலும்பிலும் தெரிந்துகொண்ட ஒன்றின் குரலை முதல் தடவையாகக் கேட்கிறாள். மறுபடியும், பூ... ஹூ. அதற்குப் பதிலாகக் கீச்சென்று ஒரு சின்னக் குரல், இன்னொரு சின்னக் குரல்.

பிரசாந்துக்கு அது எந்தப் பறவை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை சாதத்தில் அப்படியே இருக்க, தலையைச் சாய்த்துக் கடைசி வரைக்கும் கேட்டான். போன் ஓய்ந்ததும் நிமிர்ந்து ஜோதிமணியைப் பார்த்தான். எங்கே என்று அந்தப் பார்வை கேட்கவில்லை.

“ரெண்டுமே நல்லா கத்துதுக்கா,” என்றான். “சாப்பாடு கெடைக்கற வீட்டுப் புள்ளைங்க.”

ஜோதிமணி சிரித்தாள். குழியில் பணியாரம் கருகுகிற வாசனை வர, சட்டென்று குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

“உங்களுக்கு இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா?”

“வைங்க.”